சர்க்கரைவள்ளி கேசரோலுக்குப் போச்சம்பள்ளி சந்தைதான்: ஒரு கிறிஸ்துமஸ் விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் இருந்துகொண்டு கிறிஸ்துமஸ் விருந்துக்கு சர்க்கரைவள்ளி கேசரோல் செய்யப் போகிறீர்கள் என்றால், கிழங்கைப் போச்சம்பள்ளி ஞாயிறு சந்தையில் வாங்குங்கள். சூப்பர்மார்க்கெட் வேண்டாம், ஆப்பில் ஆர்டர் போட்டு வீட்டுக்கு வரவழைப்பதும் வேண்டாம். வெண்ணெய், பட்டை, கேக் சுடுகிற அவன் அடுப்பு இதெல்லாம் முன்னேபின்னே இருந்தாலும் சமாளித்துக்கொள்ளலாம். கிழங்கு சரியில்லை என்றால் மேலே எதைக் கொட்டினாலும் அந்தப் பண்டம் தேறாது.

இந்தப் பண்டம் நம் ஊருடையது இல்லை. என் அக்கா டெக்சாஸில் நர்ஸாக இருக்கிறார், அவர் வழியாக வந்தது. அமெரிக்காவில் நவம்பர் மாதம் நான்காவது வியாழக்கிழமை நன்றி நாள் கொண்டாடுவார்கள், அன்றைக்கு வான்கோழி ரோஸ்ட் பக்கத்தில் இந்தக் கேசரோல் கட்டாயம் இருக்கும். வேகவைத்து மசித்த கிழங்கில் வெண்ணெய், பால், சர்க்கரை, முட்டை, பட்டைத்தூள் கலந்து, ஒரு டிரேயில் பரப்பி, மேலே பீக்கன் பருப்பையோ மார்ஷ்மெல்லோ என்ற பஞ்சு மாதிரி மிட்டாயையோ போட்டு அவனில் வைத்து எடுப்பார்கள். தித்திப்பாக இருந்தாலும் அங்கே அதைக் கறியோடு சேர்த்தே சாப்பிடுகிறார்கள். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் மதியம் மட்டன் பிரியாணி முடிந்த பிறகு இனிப்பாகப் பரிமாறுகிறோம். சில வருடங்களாகக் கல்கல், அச்சு முறுக்கு வரிசையில் இதுவும் சேர்ந்துவிட்டது, எலத்தகிரியில் இருந்து வரும் சித்தி குடும்பம் இலையில் பிரியாணி இருக்கும்போதே இதைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிடுகிறது.

மேலே போடும் மார்ஷ்மெல்லோவைப் பற்றி முதலில் பேசிவிடலாம், ஏனென்றால் பலர் இதைப் படத்தில் பார்த்துவிட்டு முதல் காரியமாக மார்ஷ்மெல்லோ எங்கே கிடைக்கும் என்றுதான் கேட்கிறார்கள். அந்த வெள்ளைத் தொப்பி இந்தப் பண்டத்தோடு பிறந்தது கிடையாது. 1917-ல் ஏஞ்சலஸ் என்ற பெயரில் மார்ஷ்மெல்லோ தயாரித்த கம்பெனி, பாஸ்டன் சமையல் பள்ளியோடு தொடர்புடைய ஜேனட் மெக்கென்சி ஹில் என்பவரிடம் சொல்லி, தங்கள் சரக்கை வைத்து என்னென்ன செய்யலாம் என்று சமையல் குறிப்புகள் எழுதி வாங்கியது. அதில் ஒன்றுதான் மசித்த சர்க்கரைவள்ளியின் மேல் மார்ஷ்மெல்லோ. விளம்பரத்துக்கு எழுதிய குறிப்பு நூறு வருடம் தாண்டி நிலைத்துவிட்டது. அதனால் அதைப் போடாவிட்டால் அசல் இல்லை என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. பருப்பும் சர்க்கரையும் வெண்ணெயும் பிசிறி மேலே தூவுவதும் அங்கே அதே அளவுக்குப் பழக்கத்தில் இருக்கிற முறைதான்.

எனக்கு மார்ஷ்மெல்லோ வேண்டாம் என்று தோன்றியதற்குக் காரணம் ருசி மட்டும் இல்லை. நம் கடைகளில் கிடைக்கும் மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும். ஜெலட்டின் என்றால் மாட்டுத் தோலும் எலும்பும், அல்லது பன்றித் தோல். பாக்கெட்டைத் திருப்பினால் பழுப்பு நிற முக்கோணம் போட்டிருப்பார்கள், எந்த விலங்கு என்று பல பாக்கெட்டில் எழுதியிருக்காது. கிறிஸ்துமஸ் அன்று எங்கள் தெருவில் தட்டு போகாத வீடு கிடையாது. இடது பக்கம் சைவம் சாப்பிடுகிறவர்கள், எதிரே இருக்கும் பாய் வீட்டில் ரம்ஜானுக்கு நமக்கு முதல் பாத்திரம் வரும். அந்த இரண்டு வீட்டுக்கும் கொடுக்க முடியாத ஒன்றை விருந்து என்று செய்வதில் எனக்கு விருப்பமில்லை. பச்சைப் புள்ளி போட்ட மார்ஷ்மெல்லோவும் வருகிறது, வாங்கிப் பார்த்தேன். சூட்டில் பொங்கி நிறம் மாறுவதற்குப் பதில் அப்படியே வழிந்து, ஆறியதும் தோல் மாதிரி இழுத்தது. விலைக்கு அது தகாது. மேலே நிலக்கடலையும் நாட்டுச்சர்க்கரையும் போடுவதுதான் நம் வீட்டுக்குச் சரி. முட்டை விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

சரி, சந்தைக்கு வருவோம். போச்சம்பள்ளி சந்தையைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, குண்டூசியில் ஆரம்பித்து தங்கம் வரைக்கும் கிடைக்கும் என்று பேர் வாங்கிய இடம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: கிருஷ்ணகிரியில் இருந்தும் தருமபுரியில் இருந்தும் திருப்பத்தூரில் இருந்தும் பஸ் இருக்கிறது. காவேரிப்பட்டணம் வழியாக வந்தாலும் சரி, பர்கூர்ப் பக்கமாக வந்தாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை அன்று எல்லா ரோடும் அங்கேதான் போகிற மாதிரி வண்டிகள் போகும். ஆடு, மாடு, கோழி, காய்கறி, துணி, பாத்திரம், விதை, புளி எல்லாம் ஒரே நாளில், ஒரே இடத்தில். எங்களைப் போன்றவர்கள் முதல் திருப்பலியை முடித்துக்கொண்டோ, சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போய்விட்டோ கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் வாங்கிவிடலாம். பத்து மணிக்கு மேல் போனால் கிழங்கு இருக்கும், ஆனால் நல்லதை மற்றவர்கள் பொறுக்கியிருப்பார்கள். இந்தப் பண்டத்துக்குப் பொறுக்குவதில்தான் பாதி வேலை முடிகிறது.

சந்தையை நான் இவ்வளவு உயர்த்திச் சொல்வதற்குக் காரணம், அங்கே கிழங்கு மண்ணோடு குவியலாகக் கிடக்கிறது, எடுத்துப் பார்க்க விடுகிறார்கள். கிருஷ்ணகிரியில் பெங்களூர் ரோட்டில் இருக்கும் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் இதே கிழங்கைக் கழுவி, தெர்மாகோல் தட்டில் வைத்து, பிளாஸ்டிக் சுற்றி, குளிரூட்டிய அலமாரியில் அடுக்கியிருந்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. வீட்டுக்கு வந்து பிரித்தால் அடிப்பக்கம் இரண்டு கிழங்கு தண்ணீர் விட்டிருந்தது, மீதியை அவனில் வைத்து எடுத்தால் வெளியே வெந்து நடுவில் கட்டையாக நின்றது. சர்க்கரைவள்ளி வெப்ப நாட்டுக் கிழங்கு, சுமார் 13 டிகிரிக்குக் கீழே வைத்தால் உள்ளே கெட்டுப்போகும், நடுப்பகுதி எவ்வளவு வேகவைத்தாலும் இறுகியே இருக்கும். உருளைக்கிழங்குக்கே ஃபிரிட்ஜ் வேண்டாம் என்பார்கள், இதற்கு அறவே கூடாது. கழுவி வைப்பதும் அப்படித்தான், ஈரம் பட்ட தோல் சீக்கிரம் அழுகும். மண் ஒட்டியிருக்கும் கிழங்குதான் நிற்கும்.

எப்படிப் பொறுக்குவது என்பதை சந்தையில் ஒரு அம்மாவிடம்தான் கற்றுக்கொண்டேன். சாக்கை விரித்து கிழங்கைக் கொட்டி, பக்கத்தில் தராசு வைத்து உட்கார்ந்திருப்பார். நான் பருமனான ஒன்றை எடுத்தபோது, "அது வேணாம் கண்ணு, நாரு. விரலு மூணு சேத்த கனம் இருக்கறத எடு, எடுத்தா மூந்து பாரு," என்றார். முகர்ந்து பார்ப்பது முக்கியமான விஷயம். சர்க்கரைவள்ளிக்குப் பெரிய எதிரி கூன் வண்டு. அது துளை போட்டு உள்ளே முட்டை இடும், புழு குடைந்துகொண்டே போகும். துளை வெளியே ஊசி குத்தின அளவுதான் தெரியும், மண் ஒட்டியிருந்தால் அதுவும் தெரியாது. ஆனால் குடைந்த கிழங்குக்கு ஒரு காட்டமான வாடை வந்துவிடும், முகர்ந்தால் உடனே தெரியும். வண்டு கடித்ததும் கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ளக் கசப்பான பொருளைச் சுரக்கிறது. அந்தக் கசப்பு வெட்டி எறிந்த இடத்தோடு போகாது, கிழங்கு முழுக்கப் பரவியிருக்கும். அப்படி ஒன்று மசியலில் விழுந்துவிட்டால் ஒரு டிரே முழுவதும் வீண். பிளாஸ்டிக் சுற்றிய தட்டில் எதை முகர்வது?

அப்புறம் முனையைப் பார்க்க வேண்டும். புதிதாகத் தோண்டிய கிழங்கை முனையில் ஒடித்தால் வெள்ளையாகப் பால் கசியும். பொரியலுக்கும் அவித்துத் தின்பதற்கும் அது நல்ல அடையாளம். கேசரோலுக்கு அது போதாது, அதைக் கொஞ்சம் வீட்டில் வைத்திருக்க வேண்டும். தோண்டின கையோடு சமைத்தால் மாவுதான் அதிகம் இருக்கும், இனிப்பு ஏறியிருக்காது. அமெரிக்காவில் தோண்டிய கிழங்கை சுமார் 30 டிகிரி சூட்டிலும் நல்ல ஈரப்பதத்திலும் சில நாள் வைத்து, காயம்பட்ட தோல் ஆறிய பிறகுதான் கிடங்குக்கு அனுப்புகிறார்கள். அப்போது தோலும் கெட்டிப்படும், போகப்போக இனிப்பும் கூடும். நமக்கு அந்த ஏற்பாடு இல்லை, ஆனால் திருவருகைக் காலத்தின் கணக்கு நமக்கு உதவுகிறது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் நான்கு ஞாயிறு வருகிறது, நான்குமே போச்சம்பள்ளி சந்தை நாள். இரண்டாவது ஞாயிறு வாங்கினால் இரண்டு வாரத்துக்கு மேல் கிடைக்கும். மண்ணைத் தட்டிவிட்டு, கழுவாமல், மூங்கில் கூடையில் செய்தித்தாள் விரித்து ஒன்றன்மேல் ஒன்று அழுத்தாமல் அடுக்கி, அடுப்படியில் வெளிச்சம் படாத மூலையில் வையுங்கள். டிசம்பரில் நம் ஊர் ராத்திரிக் குளிர் இதைக் கெடுக்கும் அளவுக்குப் போகாது. இடையில் ஒருமுறை கூடையைக் கிளறிப் பார்த்து, முளை விட்டதையும் மெத்தென்று ஆனதையும் பொரியலுக்கு எடுத்துவிடுங்கள். நான்காவது ஞாயிறு வாங்கி அன்றைக்கே செய்வதும் செய்யாமல் இருப்பதைவிட மேல்தான், ஆனால் வித்தியாசம் நாக்கில் தெரியும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. படங்களில் பார்க்கும் அமெரிக்கக் கேசரோல் நல்ல ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அங்கே உள்ள கிழங்கின் சதையே ஆரஞ்சு, பீட்டா கரோட்டின் நிறைந்தது. நம் சந்தையில் பெரும்பாலும் வருவது தோல் சிவப்பாகவும் உள்ளே வெள்ளை அல்லது வெளிர் மஞ்சளாகவும் இருக்கும் கிழங்கு. இதில் மாவு அதிகம், ஈரம் குறைவு. அதனால் அமெரிக்கக் குறிப்பை அப்படியே பின்பற்றினால் வறண்டுபோகும், பால் கூட வேண்டும். நம் நாட்டிலேயே ஆரஞ்சுச் சதை ரகங்கள் இருக்கின்றன. திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் பூ சோனா என்று ஒரு ரகம் வெளியிட்டிருக்கிறது, 100 கிராமில் 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். கத்தரிப்பூ நிறத்தில் பூ கிருஷ்ணா என்றும் ஒன்று இருக்கிறது. எங்கள் சந்தைக் குவியலில் இவற்றை நான் பார்த்ததில்லை. நம் விவசாயிகள் யாராவது பூ சோனா போட்டு டிசம்பரில் சந்தைக்குக் கொண்டுவந்தால் முதல் ஆளாக நான் நிற்பேன். கலர் பொடி சேர்க்கச் சொல்லி வீடியோக்களில் காட்டுகிறார்கள், அது தேவையே இல்லை. சிவப்புத் தோல் கிழங்கு அவனில் வெந்தால் தேன் நிறத்துக்கு வந்துவிடும், நாட்டு வெல்லம் சேர்ந்ததும் இன்னும் ஆழமாகும். அந்த நிறமே போதுமான அழகு.

விலை, நான் கடைசியாக வாங்கியபோது கிலோ 40 ரூபாய். சூப்பர்மார்க்கெட் தட்டு அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். சந்தையில் பேரம் பேசலாம், ஆனால் பொறுக்கி எடுக்கும்போது பேரம் பேசாதீர்கள். நாம் நல்லதை எல்லாம் எடுத்துவிட்டுப் போனால் மீதியை அவர்கள் குறைத்துத்தான் விற்க வேண்டும், அது நியாயமில்லை. துணிப்பையும் சில்லறையும் கொண்டுபோங்கள். இப்போது பல கடையில் க்யூஆர் அட்டை மாட்டியிருக்கிறார்கள், இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சிக்னல் கிடைப்பது அன்றைய அதிர்ஷ்டம்.

மீதிச் சாமான்களும் அங்கேயே ஆகிவிடும். வெல்லத்துக்கு நம் மாவட்டங்கள் பஞ்சமே பட்டதில்லை, கடத்தூர், பாலக்கோடு பக்கம் கரும்பு விளைந்து ஆலை ஓடுகிற ஊர்கள். வெளிர் மஞ்சளாகப் பளபளக்கும் வெல்லத்தை விட்டுவிடுங்கள், அந்த நிறம் பெரும்பாலும் ஹைட்ராஸ் என்ற வெளுக்கும் ரசாயனம் போட்டு வருவது. கருத்த வெல்லம்தான் இந்தப் பண்டத்துக்கு வேண்டும். அமெரிக்காவில் பழுப்புச் சர்க்கரை போடுவார்கள், அதில் இருக்கும் கரும்புப்பாகு வாசம் நம் கருத்த வெல்லத்தில் இன்னும் கூடுதலாகவே இருக்கிறது. மேலே தூவுவதற்கு மட்டும் நாட்டுச்சர்க்கரை வாங்குங்கள், வெல்லத்தைத் தட்டிப் போட்டால் ஈரத்தில் கட்டி கட்டியாக நிற்கும். பீக்கன் பருப்புக்குப் பதில் நிலக்கடலை. பீக்கன் இங்கே கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகாது, நிலக்கடலையை வறுத்துத் தோல் நீக்கி ஒன்றிரண்டாக உடைத்தால் அதைவிட வாசனை. வெண்ணெய் உப்பில்லாததாக இருக்கட்டும். சந்தையில் வாழையிலையில் வைத்து விற்கும் ஊர் வெண்ணெய் புளிப்பில்லாமல் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம், இல்லாவிட்டால் ஆவின் சமையல் வெண்ணெய் நன்றாகவே இருக்கிறது. பட்டை, ஜாதிக்காய், சுக்கு மூன்றும் மளிகைக் கடையிலேயே இருக்கும்.

இனி அடுப்பு. இதில்தான் நான் நிறையப் பேரோடு ஒத்துப்போவதில்லை. கிழங்கைக் குக்கரில் வைத்து இரண்டு விசில் விட்டு மசித்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் இனிப்பு வராது. கிழங்குக்குள் ஒரு நொதி இருக்கிறது, அது மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றும். 60 டிகிரியில் இருந்து 75 டிகிரி வரைக்கும் அது நன்றாக வேலை செய்யும், அதற்கு மேல் சூடு ஏறினால் செத்துப்போகும். குக்கரில் கிழங்கு சில நிமிடத்தில் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது, நொதிக்கு நேரமே கிடைப்பதில்லை. அவனில் முழுக் கிழங்காக மெதுவாகச் சூடேறும்போதுதான் அது நிதானமாக வேலை பார்க்கிறது. தண்ணீரில் வேகவைத்தால் இன்னொரு தொல்லை, கிழங்கு தண்ணீர் குடித்து மசியல் நீர்த்துவிடும். சுட்ட கிழங்கு தனி ருசி என்று நம் தாத்தா பாட்டிகள் அடுப்புச் சாம்பலில் புதைத்து எடுத்தார்களே, அந்த இனிப்பு இங்கிருந்து வருவதுதான்.

வீட்டில் அவன் இருந்தால் நல்லது. என்னிடம் ஓடிஜி என்கிற சின்ன மின் அவன் இருக்கிறது, அரைக் கிலோவுக்குத்தான் இடம் போதும். விருந்துக்கு எங்கள் தெரு முனை பேக்கரியிடம் கொடுத்துவிடுகிறேன், இந்தச் சேவையைப் பற்றியும் எழுதியாக வேண்டும். காலையில் பிரட், பன் எல்லாம் எடுத்த பிறகு அவர்கள் அடுப்பில் சூடு மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் கழுவித் துடைத்து முள்கரண்டியால் குத்திய கிழங்கு டிரேயை உள்ளே தள்ளிவிடுவார்கள். இறங்கும் சூடு கிழங்குக்கு ரொம்பப் பொருத்தம். ஒன்றேகால் மணி நேரம் கழித்து போனால், குத்திய ஓட்டைகளில் இருந்து பாகு கசிந்து, டிரேயில் கறுத்து, ஒட்டிக்கொண்டிருக்கும். தோல் சுருங்கி சதையை விட்டு விலகியிருக்கும், விரலால் இழுத்தால் முழுசாகக் கழன்று வரும். அந்தக் கறுத்த பாகைச் சுரண்டி மசியலில் சேருங்கள், அதை விட்டுவிடாதீர்கள். டிரேக்கு 100 ரூபாய் வாங்கினார்கள், கிறிஸ்துமஸ் வாரத்தில் கேக் வேலை நெருக்கடியிலும் நேரம் சொன்னபடி கொடுத்தார்கள். இரண்டு நாள் முன்னாலேயே சொல்லி வைப்பது மரியாதை. 24-ஆம் தேதி மாலையில் போய் நிற்காதீர்கள், அன்றைக்கு அவர்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. கிழங்கை 23-ஆம் தேதியே சுட்டு, மசித்து வைத்துக்கொள்ளலாம். மசித்த பிறகு ஃபிரிட்ஜில் வைப்பதில் தவறில்லை, பச்சைக் கிழங்குக்குத்தான் குளிர் ஆகாது.

ஒரு கிலோ கிழங்குக்கு நான் போடும் அளவு இது. தோல் நீக்கி, கீரை கடையும் மத்தால் நன்றாக மசித்து, நார் இருந்தால் பெரிய கண் சல்லடையில் தேய்த்து எடுங்கள். சூடு இருக்கும்போதே 60 கிராம் வெண்ணெயும், பொடித்த கருத்த வெல்லம் 80 கிராமும், அரை ஸ்பூன் உப்பும் சேர்த்துவிடுங்கள். உப்பைக் குறைக்காதீர்கள், அது இல்லாவிட்டால் தித்திப்பு திகட்டும். பாலை மட்டும் மசியல் நன்றாக ஆறிய பிறகுதான் ஊற்ற வேண்டும். சூட்டில் வெல்லமும் பாலும் சேர்ந்தால் திரிந்துவிடும், பாயசம் வைக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நம் கிழங்குக்கு 200 மில்லி பால் தேவைப்படுகிறது, கிழங்கு ரொம்ப வறண்டிருந்தால் இன்னும் கொஞ்சம். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் பொத்தென்று விழ வேண்டும், ஓடவும் கூடாது, ஒட்டிக்கொண்டு நிற்கவும் கூடாது. அடித்த முட்டை இரண்டு, பட்டைத்தூள் ஒரு ஸ்பூன், ஜாதிக்காய் கொஞ்சம் துருவி, சுக்குத்தூள் ஒரு சிட்டிகை. ஏலக்காய் போடாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். அதைப் போட்டால் அல்வா வாசம் வந்து பட்டையும் ஜாதிக்காயும் மறைந்துவிடுகிறது, பிறகு இது வேறு பண்டம்.

மேலே தூவுவதற்கு உடைத்த நிலக்கடலை 100 கிராம், கோதுமை மாவு 50 கிராம், நாட்டுச்சர்க்கரை 60 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 50 கிராம். வெண்ணெய் குளிர்ந்திருந்தால்தான் விரல் நுனியால் பிசிறும்போது உதிரி உதிரியாக வரும், இளகியிருந்தால் பிசைந்த மாவாகிவிடும். வெண்ணெய் தடவிய கண்ணாடி டிரேயிலோ, சந்தைப் பாத்திரக்கடையில் கிடைக்கும் கனமான அலுமினிய டிரேயிலோ மசியலைப் பரப்பி, இதைத் தூவி, 180 டிகிரியில் 35 நிமிடம். ஓரம் கொதித்துக் குமிழ் விட வேண்டும், நடுவில் லேசாக அசைய வேண்டும், மேலே கடலை சிவக்க வேண்டும். எடுத்தவுடன் பரிமாறாதீர்கள். கால் மணி நேரம் விட்டால் செட் ஆகி ஸ்பூனில் அழகாக வரும். ஸ்பூன் உள்ளே இறங்கும்போது முதலில் கடலை நொறுங்குகிற சத்தம், அப்புறம் எதிர்ப்பே இல்லாத மசியல், அதற்காகத்தான் இவ்வளவு மெனக்கெடுகிறேன்.

முட்டை சாப்பிடாத வீட்டுக்குத் தனியாகச் சின்ன டிரேயில் செய்கிறேன். முட்டைக்குப் பதில் இரண்டு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளவர் என்கிற மக்காச்சோள மாவைப் பாலில் கரைத்து, அடுப்பில் வைத்துக் கெட்டியாகக் காய்ச்சி, ஆறவைத்துச் சேர்த்தால் போதும். முட்டை போட்டது கொஞ்சம் உப்பும், இது உப்பாது, ருசியில் பெரிய வித்தியாசமில்லை. இதை முதலில் அவனில் வைத்து எடுத்து, மூடி, தனியாக வைத்துவிடுங்கள். ஒரே கரண்டியை இரண்டுக்கும் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நம்பிச் சாப்பிடுகிறவர்களுக்கு நாம் செய்ய வேண்டியது அது. பக்கத்து வீட்டு மாமி போன வருடம் தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது மார்கழி முடிந்து பொங்கலுக்கு வரும் கிழங்கில் தானும் செய்யப் போவதாகச் சொன்னார். பொங்கல் படையலுக்குச் சர்க்கரைவள்ளி எப்படியும் வாங்குவோம், மிச்சக் கிழங்குக்கு இது நல்ல வழி. பொங்கல் நேரத்தில் வரத்தும் அதிகம், பொறுக்குவதற்குக் குவியலும் பெரிசு.

ரேட்டிங் கேட்பவர்களுக்கு: கிழங்குக்கும் வெல்லத்துக்கும் போச்சம்பள்ளி சந்தைக்கு 5-க்கு 5 கொடுப்பேன். பேக்கரி அடுப்புக்கு நாலரை, சின்ன டிரேக்கும் பெரிய டிரேக்கும் ஒரே கட்டணம் என்பதால் அரை குறைத்தேன். சூப்பர்மார்க்கெட் தட்டுக்கு 1, பச்சைப் புள்ளி மார்ஷ்மெல்லோவுக்கு அதுவும் இல்லை. வண்டி இல்லாதவர்கள் பஸ்ஸில் போனால் திரும்பும்போது கூட்டம் இருக்கும், ஐந்து கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம். ஞாயிறு போச்சம்பள்ளி வரை போக முடியாதவர்கள் உங்கள் ஊர் உழவர் சந்தையில் காலையிலேயே போய்ப் பாருங்கள், மண்ணோடு இருந்தால், முகர்ந்து பார்க்க விட்டால், அதுவும் சரிதான்.